கோப்பைக்கு வெளியே ஊற்றிய தேநீர்: ரத்தக் கொதிப்பால் வரும் மூளை வீக்கம்

ரத்தக் கொதிப்பு ஏறி மூளை வீங்கி, வலிப்பு வந்து, மருத்துவமனையிலிருந்து திரும்பியிருக்கும் உங்கள் கணவர் ஓர் இரவில் தூக்கத்திலேயே போய்விடுவாரோ என்ற அச்சம்தான் பினாங்கு மாநிலத்தின் பிறையிலிருந்து நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதம் முழுவதும் இருக்கிறது, சகோதரி. அதை ஒரு வரியில்கூட நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை எழுப்பி ரத்த அழுத்தம் பார்ப்பதாகவும், மேல் எண் 160-ஐத் தொட்டால் அம்லோடிபின் மாத்திரை ஒன்றைக் கூடுதலாக நாக்கின் அடியில் வைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். அவருக்கு வந்த வீக்கம், நன்றாக இருக்கும் ஆளை எந்த அறிகுறியும் இல்லாமல் உறக்கத்தில் கொண்டுபோகும் நோய் அல்ல. அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும்போது வருவது அது. பெரும்பாலும் சில மணி நேரமோ ஓரிரு நாளோ அடையாளம் காட்டிய பிறகே முற்றுகிறது. மாத்திரையை ஒழுங்காக எடுத்து அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களில் பெரும்பான்மையோருக்கு அது மறுபடி வருவதே இல்லை.

அந்தக் கூடுதல் மாத்திரையை இன்றிரவே நிறுத்துங்கள். அம்லோடிபின் மெதுவாக வேலை செய்யும் மருந்து. அது உச்சத்தை எட்டவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும், நாக்கின் அடியில் வைத்தால் அந்த நேரம் குறைந்துவிடாது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். நீங்கள் இரவு இரண்டு மணிக்குக் கொடுத்தது மறுநாள் காலை அவர் கழிவறைக்கு எழுந்து போகும்போது வேலை செய்கிறது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இரவு கொடுத்திருக்கிறீர்கள். நான்காம் நாள் காலையில் தலைசுற்றிக் குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார் என்றும், வீக்கம் திரும்பிவிட்டதோ என்று பதறியதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திரும்பவில்லை. அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கியதுதான் காரணம். நாக்கின் அடியில் வைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் நிஃபெடிபின் குளிகையை வைத்து மருத்துவர்களே செய்ததுதான். அழுத்தம் திடீரெனச் சரிந்து பக்கவாதமும் மாரடைப்பும் வருவதைக் கண்ட பிறகு மருத்துவ உலகம் அதைக் கைவிட்டுவிட்டது. இந்த யோசனையை உங்களுக்குச் சொன்ன பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இனி, நடந்தது என்ன என்று பார்ப்போம். மூளைக்குப் போகும் சிறிய ரத்தக் குழாய்கள், அழுத்தம் ஏறினால் சுருங்கியும் இறங்கினால் விரிந்தும், மூளைக்குப் போகும் ரத்தத்தின் அளவை ஒரே சீராக வைத்துக்கொள்கின்றன. இந்தச் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. உங்கள் கணவர் ஏழு வாரம் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு மூட்டு வலிக்கு வேறு ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்த நிலையில் அவருடைய அழுத்தம் 224-க்கு 132 என்று ஏறியபோது அந்த எல்லை உடைந்தது. பழைய ரப்பர் குழாயில் தண்ணீரை முழு வேகத்தில் திறந்துவிட்டால் குழாய் வெடிக்காமலேயே உடலெங்கும் கசிவதுபோல, ரத்தத்திலுள்ள நீர் குழாய்ச் சுவர்களின் வழியே மூளைத் திசுவுக்குள் கசிந்தது. ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிந்தது அந்த நீர்தான். அது கட்டி அல்ல, புற்றுநோய் அல்ல, கிருமித்தொற்றும் அல்ல. நீங்கள் யூடியூபில் பார்த்த மண்டையோட்டைத் திறக்கும் அறுவைச் சிகிச்சைகளுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தக் காணொளிகளை மறுபடி பார்க்காதீர்கள். அவை உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருக்கும் பாஸ்டீரியர் ரிவர்சிபிள் என்செஃபலோபதி சிண்ட்ரோம் (மூளையின் பின்புறத்தில் வரும், மீளக்கூடிய பாதிப்பு), சுருக்கமாகப் பிரெஸ், 1996-இல் 15 நோயாளிகளை வைத்து விவரிக்கப்பட்ட பிறகே தனி நோய்க்குறியாக மருத்துவர்களிடையே பரவலாக அறியப்பட்டது; ரத்தக் கொதிப்பு முற்றி மூளை பாதிக்கப்படுவதை அதற்கு வெகுகாலம் முன்பே, 1928-இலேயே, மருத்துவர்கள் பெயரிட்டு எழுதியிருந்தார்கள். ரத்தக் கொதிப்பு மட்டும் இதற்குக் காரணம் அல்ல. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் டேக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கும், சில புற்றுநோய் மருந்துகளை எடுப்பவர்களுக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களுக்கும் வரலாம். அவர்களில் சிலருக்கு அழுத்தம் பெரிதாக ஏறாமலேயே வரும்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த பகுதி ஒன்று உண்டு. வலிப்பு வந்த நாள் காலை ஏழு மணிக்கு அவர் தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் மேசைமேல் ஊற்றினார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி என்ன என்று இரண்டு முறை கேட்டார், நாளிதழின் இடப்பக்கம் மங்கலாக இருக்கிறது என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார் என்கிறீர்கள். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்று நினைத்து, தலைவலிக்குப் பனடோல் கொடுத்துப் படுக்கச் சொன்னீர்கள். பிற்பகல் ஒன்றரை மணிக்கு வலிப்பு வந்தது. இடையில் இருந்த ஆறரை மணி நேரம்தான் இந்த நோயில் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பார்த்ததைப் புரிந்துகொள்ளும் பகுதி மூளையின் பின்புறத்தில் இருக்கிறது. அங்குள்ள ரத்தக் குழாய்களுக்கு, அழுத்தம் ஏறும்போது சுருங்கச் சொல்லும் நரம்புகள் முன்புறத்தைவிடக் குறைவு. அதனால் கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கண் நன்றாகவே இருக்கும், ஆனால் பார்வை தடுமாறும். ஒரு பக்கம் மறைந்து தெரியும், எழுத்துகள் மங்கும், பூச்சி பறப்பதுபோல் வெளிச்சப் புள்ளிகள் மின்னும், சிலருக்குச் சிறிது நேரம் பார்வையே போய்விடும். கூடவே தலைவலி, வாந்தி, கேட்டதையே திரும்பக் கேட்பது, ஆள் மந்தமாகிச் சொன்னதைப் புரிந்துகொள்ளாமல் விழிப்பது ஆகியவை சேரும்.

ரத்தக் கொதிப்பு உள்ள ஒருவருக்குத் தலைவலியோடு பார்வையோ புத்தியோ இப்படித் தடுமாறினால், அது பிரஷர் இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் நேரம் அல்ல. 999-ஐ அழைக்கும் நேரம். எண் 180-க்குக் கீழே இருந்தாலும் அழையுங்கள். கண் மருத்துவரிடம் நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம், அவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துப் பாலம் கடக்கவும் வேண்டாம். இதே அறிகுறிகள் பக்கவாதத்திலும் வரும் என்பதால், இரண்டில் எது என்று வீட்டில் யாரும் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. அன்று நீங்கள் அறியாமல் செய்ததை நினைத்து நொந்துகொள்ளாதீர்கள். பல குடும்பங்கள் அந்த நேரத்தைக் கண் கோளாறு என்றே எண்ணிக் கடந்துவிடுகின்றன.

வலிப்பு வந்தபோது உங்கள் கொழுந்தனார் சாவிக்கொத்தைக் கையில் திணித்ததும், பல்லுக்கிடையே கரண்டி வைக்க முயன்றதும் வேண்டாத வேலைகள். இரும்பு வலிப்பை நிறுத்துவதில்லை. கரண்டி பல்லை உடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், வலிப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள், முழு நினைவு திரும்பும்வரை வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை வீட்டில் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

முதல் நாள் முழுவதும் மருத்துவமனையில் அழுத்தத்தை 170-இலேயே விட்டு வைத்திருந்தார்கள், அலட்சியமோ என்று கேட்டிருக்கிறீர்கள். சரியாகவே செய்திருக்கிறார்கள். பல வருடம் உயர் அழுத்தத்தில் பழகிய மூளை, திடீரென இயல்பான அழுத்தத்துக்கு இறக்கினால் ரத்தம் போதாமல் தவிக்கும். அதனால்தான் லபெட்டலால், நிகார்டிபின் போன்ற மருந்துகளை ரத்தக் குழாய் வழியே சொட்டு சொட்டாகச் செலுத்தி, முதல் சில மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் குறைக்காமல், பிறகு ஒன்றிரண்டு நாளில் படிப்படியாக இறக்குகிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நிமிடத்துக்கு நிமிடம் கண்காணித்துக்கொண்டு நாங்களே அஞ்சி அஞ்சிச் செய்யும் வேலையை, நள்ளிரவில் ஒரு மாத்திரையை வைத்து நீங்கள் செய்யப் பார்க்கிறீர்கள். மேலே நான் சற்றுக் கடுமையாக எழுதியதற்குக் காரணம் அதுதான்.

அவருடைய ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, எட்டாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தார், நாளிதழ் படிக்கிறார். இவை மூன்றும் நல்ல செய்திகள். இந்த நோய் எல்லோருக்கும் இப்படி முழுமையாகத் தீர்வதில்லை. மூளைக்குள் ரத்தம் கசிந்தவர்களும், சிகிச்சைக்குத் தாமதமாக வந்தவர்களும் நிரந்தரக் குறையோடு திரும்புவதுண்டு, உயிரிழப்பும் உண்டு. உங்கள் கணவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. வலிப்பு மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டியிருக்கும் என்று இணையத்தில் படித்தது பொதுவாக இவருக்குப் பொருந்தாது. வீக்கம் வடிந்த பிறகு நரம்பியல் மருத்துவர் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அதைக் குறைத்து நிறுத்திவிடுவார். ஆனால் அதை அவரேதான் நிறுத்த வேண்டும், பிரஷர் மாத்திரையை நிறுத்தியதுபோல் உங்கள் கணவர் நிறுத்தக் கூடாது. மருத்துவர் அனுமதிக்கும்வரை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளிலோ காரிலோ அவர் தாமே ஓட்டிப் போகவும் கூடாது.

கடிதத்தில் நீங்கள் கேட்டிருக்கும் மற்றவற்றில், சுண்டு விரல் துடிப்பது, காதில் ரீங்காரம், முடி உதிர்வது, வாரம் ஒரு முட்டை சாப்பிடலாமா என்பது, மூளை சுருங்கிவிடுமா என்பது ஆகியவற்றை மறந்துவிடுங்கள். குறட்டையை மட்டும் நான் தள்ளிவிடமாட்டேன். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி மீண்டும் தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரைக்கு அடங்காத ரத்தக் கொதிப்புக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்லித் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லை என்பதற்காகச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது.

வீட்டில் அழுத்தம் பார்க்கக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் போதும். கோப்பியோ சிகரெட்டோ முடிந்து அரை மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதி வையுங்கள். உறக்கத்தில் உலுக்கி எழுப்பப்பட்டவரின் அழுத்தம் 160 காட்டினால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அறிகுறி எதுவும் இல்லாமல் மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 110-ஐயோ தாண்டினால், ஓய்வெடுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லையென்றால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

அந்த மூட்டு வலிக் குளிகை விஷயத்துக்கு வருகிறேன். சந்தையில் வாங்கியது, லேபிள் இல்லை, இரண்டே நாளில் வலி பறந்தது, முகம் கொஞ்சம் உப்பியிருந்தது என்கிறீர்கள். மூலிகை இவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்படும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலக்கப்படுவதைப் பற்றி நம் மலேசியச் சுகாதார அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. அது அழுத்தத்தை ஏற்றும். பதிவு பெற்ற பொருளானால் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் எண் பெட்டியில் இருக்க வேண்டும். இவர் அதை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, ஏனெனில் உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். ஆகவே நாளைக்கே பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். அதற்குப் பதிலாக டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிக் கொடுக்க வேண்டாம், அதுவும் அழுத்தத்தை ஏற்றும். நீங்கள் போட்டுக் கொடுக்கும் கஷாயத்தில் அதிமதுரம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

இது பரம்பரையா, கோலாலம்பூரில் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும் மகளுக்கு வருமா, அவளுக்கும் கால் வீங்கி அவ்வப்போது தலைவலிக்கிறது என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பதில் வெளிவரும்வரை காத்திராமல், மகள் அன்றே போய் அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தகவல் அனுப்பிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன். மூளை வீக்கம் பரம்பரையாக வருவதில்லை, ரத்தக் கொதிப்புதான் குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. ஆனால் கர்ப்பிணிகளுக்கு 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140-க்கு 90-ஐத் தாண்டிச் சிறுநீரில் புரதமும் போனால், இதே வீக்கமும் இதே வலிப்பும் வரக்கூடும். உங்கள் கணவருக்கு 224-இல் நடந்தது அவர்களுக்கு 160-இலேயே நடக்கலாம், ஏனெனில் அவர்களுடைய ரத்தக் குழாய்கள் உயர் அழுத்தத்துக்குப் பழகியவை அல்ல. தலைவலி, கண்ணில் மின்னல், மேல் வயிற்றில் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதி எப்போது என்று கர்ப்பகாலப் பரிசோதனைகளைப் பதியும் பிங்க் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்காமல் நேராகப் பிரசவ மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே மெக்னீசியம் சல்ஃபேட் கொடுப்பார்கள். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைத்தது.

குழந்தை பிறந்ததும் இந்த ஆபத்து முடிந்துவிடுவதில்லை. முதல் சில நாள்களில் அதிகமாகவும், ஆறு வாரம்வரை குறைவாகவும் இருந்துகொண்டே இருக்கும். அப்போது மகள் உங்கள் வீட்டில் பத்தியத்தில் இருப்பாள். தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்று அவள் சொன்னால், தலைக்குக் குளித்ததால் வந்த குளிர்ச்சி என்று சொல்லித் தைலம் தேய்த்துப் படுக்கவைக்காமல், உடனே அழுத்தத்தை அளந்துவிட்டு, எண் எதுவாக இருந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.