ஸ்லைடர் சொந்தமாகச் செய்யும் முன் பிரவுசரின் ஸ்லைடரைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: தைப்பூசக் காவடி நன்கொடைப் பக்கத்துக்கு, ரூ.100 முதல் 5,000 வரை இழுத்துத் தேர்வு செய்யும் ஸ்லைடரை டிவ்களை (HTML-இன் வெற்றுப் பெட்டிகளை) வைத்து நானே செய்தேன். மவுஸில் ஓடுகிறது, கீபோர்டிலும் போனிலும் மக்கர் செய்கிறது. எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?
– வாசகர், ரோஸ்ஹில், மொரீஷியஸ்

பதில்: பிரவுசரோடு வரும் ரேஞ்ச் இன்புட்டைத்தான். அதே பக்கத்தில் உங்கள் ஸ்லைடருக்குக் கீழே ஒன்றை வையுங்கள்: மின் (min, குறைந்த அளவு) 100, மேக்ஸ் (max, அதிக அளவு) 5000, ஸ்டெப் (step, ஒரு நகர்வின் அளவு) 50. பிறகு மவுஸைத் தொடாமல் இரண்டையும் இயக்குங்கள். டேப் அழுத்தினால் ஃபோகஸ் வரும், அம்புக்குறி ஒரு ஸ்டெப் நகர்த்தும், ஹோமும் எண்டும் இரு முனைக்கும் கொண்டுபோகும், பேஜ் அப், பேஜ் டவுன் பெரிதாகத் தாவும். உங்களுடையது எதைச் செய்யவில்லையோ அதுவே வேலைப் பட்டியல். டேப்பில் ஃபோகஸ் வர, டிவ்வுக்கு டேப்இண்டெக்ஸ் (tabindex) 0 கொடுங்கள். அம்புக்குறியின் வழக்கமான செயலைத் தடுக்காவிட்டால் பக்கமே உருளும்.

உள்ளே பார்க்க, குரோமில் எஃப்12 தட்டி, டெவ்டூல்ஸ் செட்டிங்ஸில் எலிமென்ட்ஸ் பகுதியில் யூசர் ஏஜென்ட் ஷேடோ டாமை (பிரவுசர் உள்ளே மறைத்து வைக்கும் பாகங்களை) காட்டும் தேர்வை இயக்குங்கள். தடமும் குமிழும் சில டிவ்கள்தான் என்று தெரியும். கடினமான பகுதி தோற்றம் அல்ல, நடத்தை. இன்புட்டைத் தேர்ந்தெடுத்து, கன்சோலில் மானிட்டர்ஈவென்ட்ஸ் (monitorEvents) கட்டளையை $0 (தேர்ந்தெடுத்த எலிமென்ட்) மீது ஓட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது 'இன்புட்' நிகழ்வு விடாமல் வரும். விட்ட பிறகு 'சேஞ்ச்' ஒருமுறை. ஸ்கிரிப்ட் வழியாக மதிப்பை மாற்றினால் இரண்டுமே வராது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: ஸ்கிரிப்ட் மாற்றத்துக்கும் நிகழ்வை எழுப்பிவிட்டு, முடிவில்லாச் சுழலில் சிக்கிக்கொள்வார்கள்.

போன் சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணம், விரல் இழுப்பைப் பிரவுசர் ஸ்க்ரோல் என்று எடுத்துக்கொண்டு 'பாயிண்டர்கேன்சல்' (இழுப்பு ரத்து) நிகழ்வை அனுப்புவது. கிடைமட்ட ஸ்லைடருக்கு சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்‌ஷன் பான்-ஒய் போதும். மேலும் கீழும் உருட்டுவது கெடாது. மவுஸில் இழுக்கும்போது குறி குமிழை விட்டு விலகினாலும் பிடி நழுவாமலிருக்க செட்பாயிண்டர்கேப்சர் (setPointerCapture) வேண்டும்.

ஸ்டெப் கணக்கு மின்னிலிருந்து தொடங்கும், பூஜ்யத்திலிருந்து அல்ல. மின்னை 20 ஆக்கினால் 70, 120 என்று போய் 4,970-இல் நின்றுவிடும், 5,000 எட்டாது.

டிவ்வின் மதிப்பு ஃபார்மோடு போகாது என்பதையும் கவனியுங்கள். மறைந்த இன்புட் ஒன்றில் தொகையை எழுதுவது எளிய வழி. திரைவாசிப்பானுக்கு ரோல் 'ஸ்லைடர்', ஏரியா-வேல்யூநவ் (aria-valuenow, இப்போதைய மதிப்பு), ஏரியா-வேல்யூமின், ஏரியா-வேல்யூமேக்ஸ் ஆகியவை தேவை. ஏரியா-வேல்யூடெக்ஸ்டில் 'ஐந்நூறு ரூபாய்' என்று கொடுத்தால் வெறும் எண்ணுக்குப் பதில் தொகையாக ஒலிக்கும்.

நிறமும் வடிவமும் மட்டும்தான் மாற வேண்டுமென்றால் இவ்வளவு பாடும் வீண். ரேஞ்ச் இன்புட்டுக்கே அப்பியரன்ஸ் நன் (appearance: none) கொடுத்து இயல்புத் தோற்றத்தை நீக்கி, குமிழையும் தடத்தையும் அலங்கரியுங்கள். குரோம், சஃபாரிக்கான வெப்கிட் விதியையும் ஃபயர்பாக்ஸுக்கான மாஸ் (-moz-) விதியையும் கமா போட்டுச் சேர்க்காதீர்கள். குரோம் மொத்த விதியையும் தள்ளிவிடும். ஒரே தடத்தில் இரண்டு குமிழ் கேட்டால்தான் சொந்த ஸ்லைடருக்கு நியாயம் உண்டு.