டிஸ்க் பிரேக் ஏன் கத்துகிறது? சுங்கை சிப்புட் சைக்கிள்காரர்களின் கேள்வி பதில்

அண்ணே, தோட்டத்து ரோட்டுலதான் தினமும் ஓட்டுறேன். பிரேக் பிடிச்சாலே கீச்சுனு கத்துது, லயத்து வீட்டுச் சனமே திரும்பிப் பார்க்குது. பேட் மாத்தணுமா?

தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பதுதான் பேட். அதை வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், சக்கரத்தோடு சுற்றுகிற அந்த உலோகத் தட்டைத் துடைத்துப் பாருங்கள் தம்பி. பிரேக் பிடிக்கும்போது மட்டும் கத்தினால் முதல் சந்தேகம் எண்ணெய் மேல்தான். ஆலைக்குப் போகும் லோரியிலிருந்து விழுகிற செம்பனைப் பழம் ரோட்டில் நசுங்கிக் கிடக்கும். அதில் டயர் ஏறினால் எண்ணெய்ச் சேறு தட்டில் தெறிக்கும். சங்கிலிக்கு ஸ்பிரே அடித்தாலும் தட்டு நனைந்துவிடும். அதனால் சங்கிலிக்குச் சொட்டு எண்ணெயே போதும்.

மருந்துக் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், 70 சதவீதத்துக்குக் குறையாததாக வாங்குங்கள். துணியை நனைத்து, தட்டின் இரண்டு பக்கமும் துணியில் கறுப்பு ஒட்டாத வரைக்கும் துடையுங்கள். விரல் படக் கூடாது, கைப்பிசுக்கே போதும் சத்தம் வர. பேடைக் கழற்றிப் பாருங்கள். முகம் மெருகேறிப் பளபளத்தால், 120 எண் உப்புத்தாளைச் சமதளத்தில் விரித்துத் தேய்த்து மேல்பூச்சை எடுத்துவிடலாம். எண்ணெய் ஊறிக் கறுத்துத் திட்டுத் திட்டாக இருந்தால் அந்த பேடை விட்டுவிடுங்கள். பலர் அதை அடுப்பில் சுடுகிறார்கள். எண்ணெய் உள்ளே ஊறியிருப்பதால் இரண்டு இறக்கம் இறங்கியதும் சத்தம் திரும்பி வரும். பேட் தகட்டை விட்டுக் கழன்று போகவும் கூடும்.

புது பேட் போட்டாச்சு. இன்னும் கத்துது, பிடிக்கவும் மாட்டேங்குது.

பழக்காமல் ஓட்டியிருப்பீர்கள். பேடின் பொருள் தட்டில் மெல்லிய படலமாக ஒட்டினால்தான் பிடிமானமே வரும். ஆளில்லாத சமதள ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகம் வரைக்கும் 20 தடவை பிடித்து விடுங்கள். பிறகு 30 கிலோமீட்டரிலிருந்து 10 தடவை. முன்னும் பின்னும் தனித்தனியாகச் செய்யுங்கள். முழுசாக நிறுத்தவோ சக்கரத்தை இறுக்கிப் பூட்டவோ கூடாது. அப்படிச் செய்தால் சூடான பேட் ஓரிடத்தில் மட்டும் தடிப்பாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் உதறும். தட்டில் 'ரெசின் (பிசின் வகை) பேட் மட்டும்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் உலோக பேட் போடாதீர்கள், தட்டு வேகமாகத் தேய்ந்துவிடும்.

மகன் சைக்கிள்ல பிரேக்கே பிடிக்காம 'ஷிங் ஷிங்'னு உரசுது தம்பி. ஒயர் பிரேக்தான்.

முதலில் சக்கரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள் அக்கா. சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்தி, அச்சைத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். பல உரசல் அதிலேயே போய்விடும்.

போகாவிட்டால், சத்தம் தொடர்ச்சியா, விட்டு விட்டா என்று கவனியுங்கள். தொடர்ந்து உரசினால் கேலிப்பர், அதாவது பேடுகளைத் தாங்கும் கவ்வி, கோணல். சுற்றுக்கு ஒருமுறை உரசினால் தட்டு வளைந்திருக்கிறது. கேலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால் எந்த இடத்தில் இடைவெளி மறைகிறது என்று தெரியும். அந்த இடத்தைச் சுத்தமான ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள்.

ஒயர் பிரேக்கில் பெரும்பாலும் வெளிப்பக்க பேட் மட்டும்தான் நகரும். அது தட்டை உள்பக்க பேடோடு சேர்த்து அழுத்தும். ஆகவே உள்பக்கத் திருகைச் சுழற்றி, அந்த பேட் தட்டை உரசாமல் மிக அருகில் நிற்கும்படி வையுங்கள். ஆயில் பிரேக் என்றால் கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் 5 மில்லிமீட்டர் சாவியால் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடி மாற்றி மாற்றிக் கொஞ்சங்கொஞ்சமாக இறுக்க வேண்டும். பிரேக் தயாரிக்கும் ஷிமானோ கம்பெனி சொல்லும் இறுக்க அளவு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். ஒன்றை மட்டும் ஒரே மூச்சில் முறுக்கினால் கேலிப்பர் அதோடு திரும்பிவிடும்.

மழையில மட்டும் ஊளையிடுது.

அது இயல்பு. லேசாகப் பிடித்து விட்டு ஓட்டினால் காய்ந்து அடங்கும். செம்மண் ஒட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சுத்தம் பண்ணியாச்சு, நேராக்கியாச்சு. பின்பக்கம் மட்டும் வண்டியே அதிர்ற மாதிரி உறுமுது.

ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் சக்கர நடுவிலுள்ள ஹப் பேரிங் தளர்ந்திருக்கிறது. சக்கரக் கம்பிகளை இரண்டிரண்டாக அழுத்தி, தளர்ந்தது எது என்று பாருங்கள். தட்டின் ஆறு போல்ட்டும் டி25 நட்சத்திரச் சாவியில் 2 முதல் 4 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் இருக்க வேண்டும். கேலிப்பரைச் சைக்கிளோடு இணைக்கும் அடாப்டரின் போல்ட்டை மறந்துவிடாதீர்கள். தட்டின் தடிமனையும் அளந்து பாருங்கள். ஷிமானோ தட்டு புதிதில் 1.8 மில்லிமீட்டர். 1.5க்கு வந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். பேடில் உரசும் பொருள் 0.5 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் அதுவும் முடிந்தது.

லிவர் மெத்துனு உள்ளே போகுது. மோட்டார் கடையில பிரேக் ஆயில் இருக்கு, ஊத்தலாமா?

ஊற்றவே ஊற்றாதீர்கள். ஷிமானோவுக்கு மினரல் ஆயில், மோட்டார் கடையில் இருப்பது டாட் 4 என்கிற வேறு வகை ஆயில். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிக் கெட்டு, இறக்கத்தில் பிரேக் கைவிட்டுவிடும். மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்து அதையே வாங்குங்கள்.

பேடைக் கழற்றி, அதைத் தள்ளுகிற பிஸ்டனைச் சுற்றி ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். அங்கே கசிந்தால் எத்தனை புது பேட் போட்டாலும் எண்ணெய் ஊறி மறுபடி கத்தும். கேலிப்பரை மாற்றி, தட்டைத் துடைத்து, கடைசியாகத்தான் புது பேடைப் பிரிக்க வேண்டும்.