கிரியாட்டினின் இயல்பாக இருந்தும் செப்சிஸ் நோயாளிக்குச் சிறுநீரில் ‘என்கால்’ பரிசோதனை எதற்கு?

கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) இரத்தத்தில் 0.9 மட்டுமே இருக்கும் செப்சிஸ் (தொற்றால் உடலுறுப்புகளே பாதிக்கப்படும் கடும் நிலை) நோயாளிக்குச் சிறுநீர் என்கால் பரிசோதனை வீண் செலவு அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீண் அல்ல, ஆனால் வரும் எண்ணைத் தனியாக வைத்து முடிவெடுக்கக் கூடாது.

சிறுநீரகம் அடிபட்ட பிறகு கிரியாட்டினின் இரத்தத்தில் தேங்கி, அளவு ஏறியது தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகிவிடும். செப்சிஸில் உடல் அதை உற்பத்தி செய்வதே குறைந்துவிடுகிறது. இரத்த அழுத்தம் விழாமல் இருக்க நாங்கள் ஏற்றும் லிட்டர் கணக்கான திரவமும் அதை நீர்க்கச் செய்கிறது. ஆகவே அந்த 0.9-ஐ நான் அவ்வளவாக நம்புவதில்லை.

என்கால் என்ற புரதத்தைச் சிறுநீரகத்தின் காயம்பட்ட நுண்குழல் செல்கள் சில மணி நேரத்திலேயே சிறுநீரில் வெளியிடத் தொடங்கும். சிக்கல் என்னவென்றால், நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களும் அதையே சுரக்கின்றன. செப்சிஸ் என்பதே அவை கொந்தளிக்கும் நிலை. ஒருமுறை என்கால் மிக உயர்ந்திருந்த நோயாளியின் சிறுநீர்க் குழாயைத் தூக்கிப் பார்த்தேன்: உள்ளே கலங்கல், நுண்ணோக்கியில் சீழ் செல்கள். கடைசிவரை அவருடைய சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்தது.

சிறுநீரில் அளக்கும் டிம்ப்-2, ஐ.ஜி.எஃப்.பி.பி-7 என்ற வேறு இரு புரதங்களின் இணைக்கு இந்தக் குழப்பம் குறைவு. நெருக்கடிக்குள்ளான செல்கள் பிரிவதை நிறுத்திக்கொள்வதன் அடையாளம் அவை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014-இல் இப்பரிசோதனையை அனுமதித்தது. இரண்டின் பெருக்கத்திலிருந்து கணக்கிடும் மதிப்பு 0.3-ஐத் தாண்டினால், அடுத்த 12 மணி நேரத்தில் மிதமான அல்லது கடுமையான பாதிப்பு வரும் அபாயம் கூடுதல் என்று கொள்கிறோம். அதற்குக் கீழே இருந்தால் கிடைக்கும் நிம்மதியைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

எதுவானாலும் மணிக்கு மணி சிறுநீரை அளப்பதை விட முடியாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டருக்கும் குறைவாக ஆறு மணி நேரம் இறங்கினால், கிரியாட்டினின் என்ன சொன்னாலும் அது சிறுநீரகப் பாதிப்புதான்.

முடிவு உயர்வாக வந்தால் காயத்தை ஆற்றும் மருந்து எதுவும் எங்களிடம் இல்லை. சிறுநீரகத்துக்கு மேலும் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்வோம்: அதைப் பாதிக்கக்கூடிய அமினோகிளைக்கோசைடு வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மாற்று தேடுவோம், வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் அளவை இரத்தத்தில் பார்த்துத் திருத்துவோம், அவசியமற்ற கான்ட்ராஸ்ட் (நிறமூட்டி மருந்து செலுத்தி எடுக்கும்) ஸ்கேனைத் தள்ளிப்போடுவோம். பரிசோதனைக்கு அனுப்புவதானால், மாதிரியைப் பையில் பல மணி நேரம் தேங்கியதிலிருந்து எடுக்காமல், கதீட்டர் குழாயிலிருந்து புதிதாக எடுக்கச் சொல்லுங்கள்.