கனமான ஸ்பீக்கருக்கு அடியில் அதிர்வுத் தடுப்பு மேடை தேவையா?

கேள்வி: இரண்டாம் மாடி ஃபிளாட், டைல்ஸ் போட்ட கான்கிரீட் தளம். தலா 45 கிலோ எடையுள்ள இரண்டு டவர் ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். சில பாட்டுகளில் பேஸ் மட்டும் ‘கும்’மென்று அறையை அடைத்துக்கொள்கிறது. கீழ்வீட்டுக்காரரும் தலைமேல் இடிப்பதாகச் சொல்கிறார். அதிர்வைத் தடுக்கும் ஐசோலேஷன் மேடை வாங்கச் சொல்கிறது கடை. ஜோடி 40,000 ரூபாய். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் சோஃபா குஷனை வைத்து ஒரு சோதனை செய்யுங்கள்.

துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு, ஒரு ஸ்பீக்கரைத் தரையில் துண்டு விரித்துப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பேஸ் விடாமல் ஓடும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, கீழ்வீட்டில் போய் நின்று கேளுங்கள். பிறகு அதே இடத்தில், அதே வால்யூமில், அடியில் கனமான ஃபோம் குஷன்களைக் கொடுத்து இன்னொரு முறை. கீழே சத்தம் நன்றாகக் குறைந்தால், அது ஸ்பீக்கரின் பாதம் வழியாகத் தளத்தில் இறங்குகிறது. மேடைக்குப் பயன் உண்டு. குறையவில்லை என்றால் காற்று வழியாகப் போகிறது. எந்த மேடையாலும் அதைத் தடுக்க முடியாது. (நீங்களே இறங்கிப் போய்க் கேட்டாலே பாதி சண்டை தீர்ந்துவிடும், அது வேறு விஷயம்.)

உங்கள் வீட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது என்பது என் ஊகம். 40 கிராம் எடையுள்ள வூஃபர் கோன் (பேஸ் ஒலியை எழுப்பும் கூம்பு), 40 ஹெர்ட்ஸில் இரு பக்கமும் 5 மி.மீ. போய்வந்தால், பெட்டியை அது உதைக்கும் விசை உச்சத்தில் ஒன்றேகால் கிலோ எடைக்குச் சமம். ஆறங்குலக் கான்கிரீட் தளமோ சதுர மீட்டருக்கு 375 கிலோ. ஓர் அறைக்கு ஐந்து டன் வந்துவிடும். அதே நேரம் காற்றழுத்தம் தரை, சுவர், கூரை எல்லாவற்றையும் ஒருசேரத் தள்ளுகிறது. சேர்த்துப் பார்த்தால் அந்த விசையும் லேசுப்பட்டதில்லை. இந்த மேடைகளை ஆகா ஓகோ என்று புகழும் விமர்சனங்களில் பல பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எழுதப்படுபவை. அங்கே பல வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்த தரை. ஸ்பீக்கர் ஆடினால் மேளத்தோல் மாதிரி அதுவும் கூடவே ஆடும். அங்கே கிடைத்த பலன் நம் கான்கிரீட்டில் அப்படியே கிடைக்காது.

அறைக்குள் கேட்கும் ‘கும்’ வேறு கதை. அறையின் நீளத்தை மீட்டரில் அளந்து, 172-ஐ அதனால் வகுங்கள். 4.3 மீட்டர் என்றால் 40 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் அறையே சேர்ந்து பாடும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுங்கள், உட்காரும் இடத்தை ஓரடி முன்னே பின்னே நகர்த்துங்கள். பின்பக்கம் போர்ட் ஓட்டை இருந்தால் சுருட்டிய காலுறையைச் செருகிப் பாருங்கள். ஆம்ப்பில் ஈக்வலைசர் இருந்தால் அந்த அதிர்வெண்ணை மட்டும் சில டெசிபல் குறைத்துவிடுங்கள். இரவில் கீழ்வீட்டுக்கும் அது நிம்மதி.

சரி, சோதனையில் வித்தியாசம் தெரிந்தது, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், விளம்பரத்தைவிட முக்கியம் ஒரு கணக்கு: ஸ்பீக்கரை ஏற்றியதும் மேடை எவ்வளவு அமுங்குகிறது? ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்கினால் அதன் இயல் அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம்) ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. அமுங்கினால் 8. ஸ்பீக்கரின் அதிர்வு அதைப்போல 1.4 மடங்குக்கு மேலே போனால்தான் தடுப்பே தொடங்கும். 8 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங், 30 ஹெர்ட்ஸ் அதிர்வில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கீழே விடும். வெறும் 0.2 மி.மீ. அமுங்கும் பொருளின் இயல் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸ், சரியாகப் பேஸ் நடுவில். இரண்டும் ஒன்றாகிவிடும் ஒத்ததிர்வில் நிலைமை முன்னைவிட மோசமாகும். வாஷிங் மெஷின் ரப்பர் பாதங்களை ஒரு தடவை ஸ்பீக்கருக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றன, அமுங்கவே இல்லை. ரப்பரில் இன்னொரு சங்கடம், அமுங்குவதை வைத்துக் கணக்கிட்டதைவிட அதிர்வின்போது அது விறைப்பாகவே நடந்துகொள்ளும்.

அதனால்தான் நல்ல தயாரிப்புகளில் எடை வரம்பு போட்டிருக்கும். ஐசோஅகூஸ்டிக்ஸ் நிறுவனத்தின் கையா பாதங்களில் மூன்றாம் ரகம் 32 கிலோ வரை, இரண்டாம் ரகம் 54, முதல் ரகம் 100. உங்கள் 45 கிலோவுக்கு இரண்டாவது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிதாக வாங்கினால் அது போதிய அளவு அமுங்காது. கூர்முனை ஸ்பைக் இந்தக் கணக்கிலேயே வராது. அது ஸ்பீக்கரைத் தரையோடு பிணைக்கிற சாமான், டைல்ஸையும் கீறிவிடும்.

செலவைக் குறைக்க நினைத்தால், சமையல் மேடை போட்டு மிஞ்சிய கிரானைட் துண்டு போதும். ஒன்றரை அடிச் சதுரம், 20 மி.மீ. தடிமன் என்றால் 11 கிலோ இருக்கும். அதற்கு அடியில், மொத்தம் 56 கிலோவுக்குப் பொருந்தும் நான்கு ஸ்பிரிங் பாதங்கள். டவர் ஸ்பீக்கரில் வூஃபர் காந்தத்தால் முன்பக்கம் கனம் அதிகம். ரசமட்டம் வைத்துப் பார்த்து பின் பாதங்களைக் கொஞ்சம் நடுப்பக்கம் தள்ளுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கர் குனிந்தே நிற்கும். ஸ்பிரிங் மேல் நிற்கும் ஸ்பீக்கர் விரலால் தொட்டாலே ஆடும். ஓடியாடும் குழந்தை வீட்டில் இருந்தால், பின்பக்கத்திலிருந்து சுவருக்கு ஒரு நாடாவைத் தளர்வாகக் கட்டாமல் பிளக்கைச் செருகாதீர்கள்.