ஓவனில் வைத்த மேக்கரோனி சீஸ் ஏன் திரிகிறது, ஏன் வறண்டு போகிறது?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். பிள்ளைகள் பள்ளியில் சாப்பிட்டுப் பழகி, வீட்டிலும் மேக்கரோனி சீஸ் கேட்கிறார்கள். டப்பாவில் வருவது வேண்டாம் என்று நானே செய்தேன். ஒரு பவுண்டு மேக்கரோனியை நன்றாக வேகவைத்து, 4 டேபிள்ஸ்பூன் மைதா, 3 கப் பாலில் ஒயிட் சாஸ் செய்து, அது கொதிக்கும்போதே பாக்கெட்டில் துருவி வரும் எக்ஸ்ட்ரா ஷார்ப் செடாரையும் மொசரெல்லாவையும் கொட்டிக் கிளறினேன். சாஸ் ரவை ரவையாகத் திரிந்தது. 400 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்தேன். மேலே எண்ணெய், உள்ளே வறட்சி. தேங்க்ஸ்கிவிங்குக்கு நண்பர் வீட்டுக்கு இதைக் கொண்டுவருவதாக வேறு சொல்லிவிட்டேன். முட்டை சேர்க்க மாட்டோம். என்ன செய்யலாம்?

பதில்: அளவு, நேரம், சூடு எல்லாவற்றையும் எழுதியது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் ஊகம்தான் செய்ய வேண்டியிருக்கும். கோளாறு பாதி சீஸில், பாதி பாலில். ஓவன் மேல் பெரிய குற்றமில்லை, அதற்கு அளவுக்கு மீறி வேலை கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். மேக்கரோனி சீஸைப் பொறுத்தவரை சமையல் கிட்டத்தட்ட முழுவதும் அடுப்பிலேயே முடிந்துவிட வேண்டும். ஓவனுக்குப் போவது மேல்பக்கம் சிவக்கவும், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கொஞ்சம் இறுகவும் மட்டும்தான்.

முதலில் திரிந்த கதையைப் பார்ப்போம். சீஸில் இருக்கும் கேசீன் என்ற பால் புரதம் கால்சியத்தின் பிடியில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது, கொழுப்பும் தண்ணீரும் அந்தப் பின்னலுக்குள் அடைபட்டிருக்கின்றன. மிதமான சூட்டில் பின்னல் தளர்ந்து சீஸ் உருகும். கொதிக்கிற சாஸில் கொட்டினால் புரதம் சுருங்கி முறுக்கிக்கொண்டு, உள்ளே இருந்த தண்ணீரையும் கொழுப்பையும் பிழிந்து வெளியே தள்ளிவிடும். உங்கள் சாஸில் ரவையாகத் தெரிந்தது அந்தப் புரதம், மேலே மிதந்தது அந்தக் கொழுப்பு. எக்ஸ்ட்ரா ஷார்ப் என்பது நீண்ட காலம் பழுக்க வைத்த செடார். பழுக்கப் பழுக்க ருசி ஏறும், ஆனால் அந்த ருசியைத் தருகிற நொதிகளே புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடும், ஈரமும் குறைந்துவிடும், அதனால் சூட்டைத் தாங்கும் சக்தி போய்விடும். இளம் சீஸ் இதற்கு நேர்மாறு, வழவழவென்று உருகும், சொல்லிக்கொள்ளும்படி ருசி இருக்காது.

ஆக இரண்டையும் கலப்பதுதான் வழி. 8 அவுன்ஸ் சாதாரண ஷார்ப் செடார், 8 அவுன்ஸ் மான்டெரி ஜாக் என்ற இளம் சீஸ். ஜாக் கிடைக்காவிட்டால் கோல்பியோ இளம் கௌடாவோ போதும். மொசரெல்லாவை சாஸில் போடாதீர்கள், பீட்சாவுக்கு அழகாக இருக்கும் அந்த இழுவை இங்கே கரண்டியில் சுற்றிக்கொள்ளும், ருசியும் தராது. துருவி வரும் பாக்கெட் சீஸில், துருவல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். அதில் செல்லுலோஸ் கரையவே கரையாது, நாக்கில் மாவு மாதிரி தங்கும். கட்டியாக வாங்கி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, மன்னிக்கவும், எடுத்த குளிர்ச்சியோடு துருவுங்கள், குளிர்ந்த கட்டிதான் நசுங்காமல் துருவ வரும். இன்னொன்று, நீங்கள் சைவம் என்று நினைக்கிறேன். சீஸ் லேபிளில் வெறுமனே என்சைம்ஸ் என்று போட்டிருந்தால் அது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட்டாகவும் (பாலைத் திரட்டிச் சீஸாக்கும் நொதி) இருக்கலாம். மைக்ரோபியல் அல்லது வெஜிடேரியன் ரென்னெட் என்று தெளிவாகப் போட்டிருப்பதை எடுங்கள். இத்தாலியிலிருந்து வரும் அசல் பார்மிஜானோ ரெஜியானோவில் எப்போதும் கன்றின் ரென்னெட்தான், அதனால் மேலே தூவ பார்மெசான் வாங்குவதானாலும் லேபிளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி வறட்சி. ஒரு பவுண்டு மேக்கரோனிக்கு 3 கப் பால் போதவே போதாது. 5 கப் வேண்டும். பயமாக இருக்கும், பரவாயில்லை, மேக்கரோனி ஓவனிலும் சாஸைக் குடித்துக்கொண்டே இருக்கும். வெண்ணெய் 6 டேபிள்ஸ்பூன், அதாவது ஒரு ஸ்டிக்கில் முக்கால் பங்கு, உறையில் கோடு போட்டிருக்கிறதே அதில் ஆறாவது கோடு. மைதாவும் 6 டேபிள்ஸ்பூன். பால் கொழுப்பு நீக்காத ஹோல் மில்க்காக இருக்கட்டும்.

மேக்கரோனியை உப்புப் போட்ட தண்ணீரில், பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு 2 அல்லது 3 நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். கடித்துப் பார்த்தால் நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்க வேண்டும். நன்றாக வேகவைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மேக்கரோனி ஓவனில் போய் ஊதிக் குழைவதைத் தவிர வேறு வழியில்லை.

அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி மைதாவைப் போட்டு, மிதமான தீயில் பச்சை வாசனை போகும் வரை ஓரிரு நிமிடம் கிளறுங்கள். நிறம் மாற விடக்கூடாது, சிவந்த மாவு சாஸைக் கெட்டியாக்கும் சக்தியில் கொஞ்சத்தை இழந்துவிடும். அரை டீஸ்பூன் கடுகுப் பொடி, கால் டீஸ்பூன் மிளகாய்த் தூள் இப்போதே சேர்த்துவிடலாம். கடுகு, சீஸின் ருசியைத் தூக்கிக் கொடுக்கும், காரமாகத் தெரியாது. பாலை லேசாகச் சூடாக்கி, முதலில் அரைக் கப் ஊற்றி விஸ்க்கால் அடியுங்கள், மாவு களியாகத் திரண்டு நிற்கும், அதில் மறுபடி கொஞ்சம், அப்புறம் மீதியை ஊற்றலாம். மொத்தமாக ஊற்றினால்தான் கட்டி தட்டும். சாஸ் ஒருமுறை கொதிநிலைக்கு வந்தே ஆக வேண்டும், அப்போதுதான் மாவில் இருக்கும் ஸ்டார்ச் முழுதாக வீங்கும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் போல அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டிருங்கள். கரண்டியின் பின்பக்கம் சாஸ் படிந்து, விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் சரி.

இப்போது அடுப்பை அணையுங்கள். குறைப்பதல்ல, அணைப்பது. மின் அடுப்பாக இருந்தால் பாத்திரத்தையே வேறு இடத்தில் நகர்த்தி வைத்துவிடுங்கள், அந்தச் சுருளில் சூடு இருந்துகொண்டே இருக்கும். ஒரு நிமிடம் சும்மா விட்டு, சீஸை ஒரு கைப்பிடி போட்டுக் கிளறி, அது காணாமல் போன பிறகு அடுத்த கைப்பிடி. பாத்திரத்தின் சூடே உருக்கப் போதும். சீஸ் விழுந்த சாஸ் அதற்கப்புறம் அடுப்பைப் பார்க்கவே கூடாது. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், சீஸிலேயே நிறைய இருக்கிறது. எலுமிச்சை, தக்காளி என்று புளிப்பு எதையும் சாஸில் காட்டாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் பயமாக இருந்தால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, எனக்கு இதில் எந்தக் கூச்சமும் கிடையாது: பிளாஸ்டிக் தாளில் சுற்றி வருகிற அமெரிக்கன் சீஸ் ஸ்லைஸ் மூன்று நாலு கிள்ளிப் போட்டுவிடுங்கள். அதில் சோடியம் சிட்ரேட் மாதிரி உப்புகள் சேர்த்திருப்பார்கள், அவை கால்சியத்தைப் புரதத்திடமிருந்து பிரித்து எடுத்துவிடுவதால் புரதம் கொழுப்பைப் பிடித்துக்கொண்டு சாஸில் பரவி நிற்கும். லேசாகத் திரிய ஆரம்பித்த சாஸைக்கூட இதுவும் கொஞ்சம் சூடான பாலும் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு மீட்டுவிடலாம், சூடான திரவம் என்பதால் மூடியை இறுக்கி அடைக்காமல் துணியால் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். முழுக்கத் திரிந்து எண்ணெய் தனியே நின்றுவிட்டால் பெரும்பாலும் தேறாது.

மேக்கரோனியைக் கலந்து 9க்கு 13 அங்குலத் தட்டில் ஊற்றும்போது, இது என்ன சூப்பா என்று தோன்ற வேண்டும். தட்டைச் சாய்த்தால் மூலையில் சாஸ் ஓடி வந்து தேங்க வேண்டும். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம், பலர் இங்கேதான் இன்னும் கொஞ்சம் சீஸ் போட்டுக் கெட்டியாக்கிவிடுவார்கள். மேலே ஒரு கப் பாங்கோ எனப்படும் கரகரப்பான பிரெட் தூளை 2 டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெயில் பிசறித் தூவுங்கள், வெண்ணெய் இல்லாத தூள் காய்ந்து வெளுத்து நிற்கும், சிவக்காது. 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 25 நிமிடம் போதும். ஓரத்தில் சாஸ் குமிழ் விட ஆரம்பித்ததும் எடுத்துவிடலாம், அதுவரை மேலே சிவக்கவில்லை என்றால் கடைசி ஒன்றிரண்டு நிமிடம் பிராய்லர், அதாவது ஓவனின் மேல்பக்கச் சூடு, பக்கத்திலேயே நின்று. வெளியே எடுத்து 10 நிமிடம் தொடாமல் வைத்தால் சாஸ் தானாக இறுகும்.

முட்டை போட்டுச் செய்வது வேறு முறை. அமெரிக்கத் தெற்கத்திய வீடுகளில், குறிப்பாகக் கறுப்பினக் குடும்பங்களில், முட்டையும் எவாபரேட்டட் பாலும் (தண்ணீரைச் சுண்டவைத்து டப்பாவில் அடைத்த, இனிப்பில்லாத பால்) கலந்து வில்லை போடும் பதத்தில் சுடுவார்கள். தேங்க்ஸ்கிவிங் மேசையில் பலருடைய நினைவில் இருப்பது அதுதான். இந்த நாட்டில் மேக்கரோனி சீஸ் பரவியதில் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற சமையல்காரருக்குப் பங்கு உண்டு என்பார்கள். தாமஸ் ஜெஃபர்சனின் அடிமையாக 1784இல் பாரிஸ் போய் அங்கே சமையல் கற்று, 1796இல்தான் விடுதலை பெற்றவர். 1802இல் அதிபர் ஜெஃபர்சன் கொடுத்த விருந்தில் மேக்கரோனி சாப்பிட்ட காங்கிரஸ் உறுப்பினர் மனாசே கட்லர், ருசி காட்டமாக இருக்கிறது, பிடிக்கவில்லை என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறார், ஆக இந்தப் பதார்த்தத்தைப் பற்றிய புகார் ஒன்றும் புதிதல்ல. முட்டை வேண்டாம் என்றால் மேலே சொன்ன வெண்ணெய், மைதா வழியே போதும். வேண்டுமானால் 5 கப் பாலில் ஒன்றரைக் கப்பை எவாபரேட்டட் பாலாக வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஒரு 12 அவுன்ஸ் டப்பா. அதில் பால் புரதம் செறிவாக இருப்பதால் சாஸ் சுலபத்தில் பிரியாது. இனிப்புச் சேர்த்த கண்டென்ஸ்டு மில்க் டப்பாவும் பக்கத்திலேயேதான் அடுக்கியிருப்பார்கள், மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றி. வீட்டிலேயே சுட்டு எடுத்துப் போய் அங்கே மறுபடி சூடாக்கினால் பாதி ஈரம் வழியிலேயே போய்விடும். முந்தின நாள் சாஸில் கலந்து, அரைக் கப் பால் கூடுதலாக ஊற்றி, தட்டோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிரெட் தூளைத் தனி டப்பாவில் எடுத்துப் போங்கள், முன்பே தூவினால் ஊறிவிடும். அங்கே 350 டிகிரியில் ஃபாயில் மூடி அரை மணி நேரம், மூடியைத் திறந்து தூளைத் தூவி இன்னும் 15 நிமிடம். வான்கோழி உள்ளே இருந்தால் ஓவன் 325இல் இருக்கலாம், சண்டை வேண்டாம், பத்து நிமிடம் கூட வையுங்கள். கண்ணாடித் தட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூடான ஓவனில் வைத்தால் வெடிக்கலாம், அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு வையுங்கள். அதற்கு மேல் நீட்டவும் வேண்டாம், பால் சாமான் வெளியில் மொத்தம் 2 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, கார் பயணமும் அந்தக் கணக்கில்தான் சேரும். தூரம் அதிகம் என்றால் ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும். மைக்ரோவேவில் முழுச் சூட்டில் வைக்காதீர்கள், மறுபடி எண்ணெய் பிரியும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பால் ஊற்றி, மூடி, பாதி பவரில் நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி, உள்வரை நன்றாகச் சூடேறும் வரை வையுங்கள்.