நர்சிங், பிஏ படிப்புக்கு முன் ஆன்லைனில் எடுக்கும் பாடங்கள்: நீங்கள் கேட்டவை

அமெரிக்காவில் நர்சிங், பார்மசி, பிசிஷியன் அசிஸ்டென்ட் (பிஏ) என்று புதிதாக ஒரு தொழில்படிப்பில் சேர நினைக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

சென்னையில் பி.இ. முடித்தேன். இப்போது எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாக்காரரின் துணைக்கானது) டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே ஏபிஎஸ்என் (ஏற்கெனவே பட்டம் உள்ளவர்களுக்கான விரைவுப் படிப்பு) நர்சிங் சேர அனாட்டமி, மைக்ரோபயாலஜி எல்லாம் வேண்டுமாம். நம் வேகத்தில் முடிக்கிற ஆன்லைன் கோர்ஸ் செல்லுமா?

முதலில் விசா. எச்4-இல் தாராளமாகப் படிக்கலாம், அதற்காக எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை. வேலை பார்க்கத்தான் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும்.

செல்லுமா என்பதை கோர்ஸ் நடத்துகிறவர்களிடம் கேட்டுப் பயனில்லை, அவர்கள் 'எல்லா இடத்திலும் செல்லும்' என்றுதான் சொல்வார்கள். முடிவு செய்வது நீங்கள் சேரப் போகிற கல்லூரி. ஒரே கோர்ஸை ஒரு பல்கலைக்கழகம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும், அதே ஊரில் இன்னொன்று தள்ளிவிடும். அதனால் விண்ணப்பிக்கப் போகிற நாலைந்து கல்லூரிகளை முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் ஒவ்வொன்றின் அட்மிஷன் அலுவலகத்துக்கும் ஒரு மெயில்: கோர்ஸின் பெயர், எண், எத்தனை கிரெடிட், லேப் வீட்டில் கிட் வைத்தா திரையிலா, தேர்வைக் கண்காணிக்கிறார்களா, டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) எந்தக் கல்லூரியின் பெயரில் வரும் என்று எல்லாம் எழுதி, சிலபஸையும் இணைத்து, 'இதை ஏற்பீர்களா' என்று நேராகக் கேளுங்கள். போனில் யாரோ 'ஓகே' சொன்னது ஆறு மாதம் கழித்து உதவாது. பதில் எழுத்தில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.

மாதச் சந்தா கட்டி எத்தனை பாடம் வேண்டுமானாலும் முடிக்கலாம் என்று சில தளங்கள் இருக்கின்றனவே, மலிவாகவும் இருக்கிறது?

சோஃபியா, ஸ்ட்ரெய்ட்டர்லைன் மாதிரி தளங்களைச் சொல்கிறீர்கள். அவை கல்லூரிகள் இல்லை. அங்கே கிடைப்பது 'ஏசிஇ' என்ற அமைப்பு பரிந்துரைக்கும் கிரெடிட். அதை ஏற்கும் கல்லூரிகள் உண்டு, ஆனால் அனாட்டமி, கெமிஸ்ட்ரி போன்ற பாடங்களுக்குத் தொழில்படிப்புக் கல்லூரிகள் பல ஏற்பதில்லை. ஏ, பி என்று எழுத்துக் கிரேடு இல்லாமல் 'பாஸ்' என்று மட்டும் வந்தால் இன்னும் மோசம். அங்கீகாரம் பெற்ற கல்லூரியே நடத்துவதைப் பாருங்கள். மெயின் (Maine) மாநிலத்து நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகம் இந்த அறிவியல் பாடங்களை ஆன்லைனில் நடத்துகிறது; முடிக்க 16 வாரம் தருகிறார்கள். உங்கள் ஊர் கம்யூனிட்டி காலேஜையும் பாருங்கள். வேகம் உங்கள் கையில் இருக்காது, ஆனால் செலவு பெரும்பாலும் குறைவு, லேப் நேரில் என்றால் அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். டெக்சாஸில் இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நாங்கள் சுத்த சைவம். லேப் கிட்டில் ஆட்டு இதயம் வரும் என்கிறார்களே?

சில கோர்ஸ்களில் வரும். பிளாஸ்டிக் உறையில் பதப்படுத்திய செம்மறி ஆட்டு இதயம், கூடவே ஒரு ட்ரே, சின்னக் கத்தி, குண்டூசிகள், கையுறை. உறையைப் பிரித்ததும் அடிக்கிற மருந்து வாடைக்காகவே கராஜில் மேஜை போட்டு, கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். சமையலறை மேடை வேண்டாம், மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கும் வாரமும் வேண்டாம்! எல்லாமே திரையில் சிமுலேஷனாக முடிகிற கோர்ஸ்களும் உண்டு. சிக்கல் என்னவென்றால், சில கல்லூரிகள் ஏற்காதது அந்தத் திரை லேபைத்தான். 2020-இல் கோவிட் வந்தபோது பல இடங்களில் விதியைத் தளர்த்தினார்கள், சிலர் பிறகு பழையபடி இறுக்கிவிட்டார்கள். பழைய தகவலை நம்பாதீர்கள்.

இரண்டு குழந்தைகள். எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்?

நினைப்பதைவிட மெதுவாகத்தான். லேப் ரிப்போர்ட்டை ஆசிரியர் திருத்தித் தரும்வரை அடுத்த பகுதி திறக்காத கோர்ஸ்கள் உண்டு, அந்த நாட்கள் உங்கள் கையில் இல்லை. தேர்வின்போது வெப்கேமில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். நடுவில் பிள்ளை 'அம்மா' என்று உள்ளே வந்தால் அதுவும் பதிவாகும், எனவே அந்த இரண்டு மணி நேரத்துக்கு வீட்டில் ஆள் வேண்டும். முடித்த பிறகு டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேரவும் நாளாகும். பிஏ படிப்புகளுக்கான பொது விண்ணப்பமான காஸ்பா ஏப்ரல் கடைசியில் திறக்கும், வரும் விண்ணப்பங்களை வரிசையாகவே பார்க்கிற கல்லூரிகள் நிறைய. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் போடுங்கள். அனாட்டமியோடு கெமிஸ்ட்ரியையும் சேர்த்து எடுக்காதீர்கள்.

ஒரு பாடத்தில் 'சி' வந்துவிட்டது. திரும்ப எழுதி 'ஏ' வாங்கினால் பழையது போய்விடுமா?

போகாது. காஸ்பா இரண்டையும் சேர்த்தே சராசரி போடுகிறது. முடியாது என்று தெரிந்தால், கெடு முடிவதற்குள் விலகிவிடுங்கள். விலகியதற்கான 'டபிள்யூ' ஒன்று இருப்பது 'எஃப்' இருப்பதைவிட மேல்.

2009-இல் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி. எல்லாவற்றையும் மறுபடி படிக்கணுமா?

அனேகமாக அறிவியல் பாடங்களை, ஆமாம். 5, 7 அல்லது 10 வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. ஆனாலும் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூஇஎஸ் அமைப்பில் பாடவாரியான மதிப்பீடு வாங்கி வையுங்கள், உங்கள் பட்டத்துக்கு அது வேண்டும்.

எஃப்1-இல் இருக்கிறேன், இவற்றை எடுக்கலாமா?

முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரு ஆன்லைன் வகுப்பு, அதாவது 3 கிரெடிட் வரைதான் சேரும். வழக்கமான பாடச்சுமைக்கு மேல் கூடுதலாக எடுப்பது வேறு கதை. எதுவானாலும் பதிவு செய்யும் முன் உங்கள் கல்லூரியில் மாணவர் விசா விஷயங்களைப் பார்க்கும் டிஎஸ்ஓவிடம் கேட்டுவிடுங்கள்.