டெல்லியில் நோ பார்க்கிங் நோட்டீஸ் வந்தால் எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும்? எதிர்த்து அப்பீல் செய்ய எவ்வளவு அவகாசம்?

ஆர்.கே.புரம் மலை மந்திர் பக்கத்தில் காரை நிறுத்தியபோது போட்டோ எடுத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள், பணம் கட்டவும் அப்பீல் போகவும் எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். டெல்லி போக்குவரத்துப் போலீஸ் தளத்தில் கட்ட வழக்கமாக 60 நாள் கொடுத்து வந்தார்கள், ஆனால் உங்கள் நோட்டீஸில் அச்சிட்ட தேதியே கெடு. அதற்குள் கட்டாவிட்டால் விஷயம் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (இணையவழி நீதிமன்றத்துக்கு) போகும். அப்பீல் என்பது அதற்கெல்லாம் பிறகு வருவது: மாஜிஸ்திரேட் விசாரித்து அபராதம் விதித்தால், செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக 30 நாள். இதையெல்லாம் விடச் சீக்கிரம் முடிந்துபோகும் கெடு ஒன்று இருக்கிறது. உங்கள் கையில் உள்ள ஆதாரம் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் அது.

மயூர் விஹாரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பார்க்கிங்குக்குப் பணம் கொடுத்து, ரசீது வாங்கித்தான் வண்டியை விட்டிருந்தார். பிறகு நோட்டீஸ் வந்தபோது அந்த ரசீதைத் தேடி எடுத்தார். கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் மே மாத வெயிலில் கிடந்த காகிதம். தேதி, நேரம், வண்டி நம்பர், எல்லாமே மங்கி வெறும் சாம்பல் நிறத் தாளாகிவிட்டது. அவரிடம் நியாயம் இருந்தது, காட்டுவதற்குத்தான் எதுவும் இல்லை. கடைக்காரர்களின் சிசிடிவி பதிவும் இப்படித்தான், புதுப் பதிவு பழையதன் மேல் ஏறிவிடும். கட்டத்தான் நாள் இருக்கிறதே என்று கெடு முடியும்வரை காத்திருந்தால் கோர்ட்டில் வெறுங்கையோடுதான் நிற்க வேண்டியிருக்கும். அதனால் நோட்டீஸ் வந்த அன்றைக்கே ரசீதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த இடத்துக்கு ஒரு நடை போய், போர்டு இருக்கிறதா, மரக்கிளை மறைக்கிறதா என்று பார்த்து அதையும் படம் எடுங்கள்.

நோட்டீஸில் உள்ள போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது உங்கள் வண்டிதானா, நிறமும் மாடலும் ஒத்துப்போகிறதா, நேரம் சரியா? கேமரா வழியாகப் பதிவான குற்றத்துக்கு, அது நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ சொல்கிறது. 2021இல் வந்த விதி இது. சம்பவத் தேதிக்கும் நோட்டீஸ் தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் எதிர்வாதத்தில் அதை எழுதுங்கள். ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகவே நோட்டீஸ் தள்ளுபடியாகிவிடும் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

டெல்லித் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பலர் ஓட்டுவது ஊரிலிருந்து கொண்டுவந்த டிஎன் நம்பர் வண்டி. ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) இருப்பது அப்பாவின் போன் நம்பர். மெசேஜ் திருநெல்வேலிக்குப் போகும், அப்பா அதை ஏதோ விளம்பரம் என்று விட்டுவிடுவார், இங்கே நாள் ஓடிக்கொண்டிருக்கும். மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் போன் நம்பரை மாற்றிவிடுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எதிர்க்கும் எண்ணம் இருந்தால் பணம் கட்டாதீர்கள். "முதலில் கட்டிவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்று நண்பர்கள் சொல்வார்கள், அது இங்கே செல்லாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆவது பிரிவின்படி, அபராதத்தைக் கட்டிச் சமரசம் செய்துகொண்டால் வழக்கு அதோடு முடிந்தது. முடிந்த வழக்குக்கு அப்பீல் ஏது? நோட்டீஸ் நிலையிலேயே தவறு தெளிவாகத் தெரிந்தால் (வேறு வண்டி, மாறிய நம்பர்), தோடாபூரில் உள்ள போக்குவரத்துப் போலீஸ் தலைமையகத்துக்கு ஆர்.சி. நகலும் படங்களும் வைத்து எழுதுங்கள். எழுதியதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள்.

விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் டெல்லிக்கு இரண்டு பிரிவுகள் இருக்கும்: நோட்டீஸ் டிபார்ட்மென்ட், டிராஃபிக் டிபார்ட்மென்ட். கேமரா நோட்டீஸ் முதலாவதில், சாலையில் நிறுத்தி எழுதிய சலான் (அபராதச் சீட்டு) இரண்டாவதில். ஒன்றில் மட்டும் தேடி "ஒன்றுமே இல்லையே" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். வழக்கைத் திறந்தால் அபராதத்தைக் கட்டுகிறேன், வழக்கை எதிர்கொள்கிறேன் என்று இரண்டு வழி காட்டும். இரண்டாவதை அழுத்தினால் வழக்கமான கோர்ட்டுக்கு மாறும், தேதி வரும், போய்த்தான் ஆக வேண்டும். அபராதம், முதல் முறை என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆவது பிரிவில் 500 ரூபாய் வரை, அடுத்த முறைகளில் 1500 வரைதான். தவறு நம்முடையது என்றால் ஒரு நாள் லீவைக் கொடுத்து வாதாடுவதில் பொருளில்லை, கட்டிவிடுவதே சரி. செய்யாத தவறு என்றால் 500 ரூபாய்க்கும் போராடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறு மாதம் கடந்தால் சலான் செல்லாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பாதிதான் உண்மை. அபராதம் மட்டுமே தண்டனையான குற்றங்களை ஆறு மாதத்துக்குப் பிறகு கோர்ட் விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்று பிஎன்எஸ்எஸ் (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 514ஆவது பிரிவு சொல்கிறது. பழைய சிஆர்பிசியில் இது 468. ஆனால் கணக்கில் வருவது வழக்கு கோர்ட்டில் தாக்கலான தேதி, உங்களுக்குத் தகவல் வந்த தேதி அல்ல. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் கோர்ட்டுக்கு உண்டு. இதை நம்பிச் சும்மா இருந்தால், வண்டியை விற்கும் நாளில் நிலுவை சலான் வந்து வழிமறிக்கும்.

45 நாளுக்குள் கட்ட வேண்டும் அல்லது எதிர்க்க வேண்டும், இரண்டும் செய்யாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்ற திருத்த வரைவை மத்திய அரசு 2025இல் வெளியிட்டது. அதனால் 60 என்று மனக்கணக்குப் போடாமல், உங்கள் நோட்டீஸில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். என்னைக் கேட்டால் 45 நாளுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

ஏற்கெனவே பல சலான்கள் சேர்ந்திருந்தால் தேசிய லோக் அதாலத் (சமரசமாக வழக்குகளை முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) நல்ல வழி. தீஸ் ஹசாரி, பட்டியாலா ஹவுஸ், கர்கர்டூமா, சாகேத், ரோஹிணி, துவாரகா, ரௌஸ் அவென்யூ ஆகிய கோர்ட் வளாகங்களில் நடக்கும். அதற்கான சலான் சீட்டை டவுன்லோட் செய்யும் வசதியைப் போலீஸ் தளத்தில் சில நாள் முன்பு திறப்பார்கள். அன்றைய ஒதுக்கீடு சீக்கிரமே தீர்ந்துவிடும், எனவே திறந்தவுடன் எடுத்து அச்செடுத்துக்கொண்டு போங்கள். தொகையைக் குறைக்க வாய்ப்புண்டு. ஆனால் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி லோக் அதாலத் தீர்ப்பே இறுதி, அதன் மேல் அப்பீல் கிடையாது. செய்யாத குற்றத்துக்கான சலானை அங்கே கொண்டுபோகாமல் வழக்கமான கோர்ட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் சலான் என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தால் தொடாதீர்கள், அது பணம் பறிக்கும் வேலை. நோட்டீஸ் உண்மையா என்று வண்டி நம்பரைப் போட்டு அரசுத் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.